சேற்று வாயுவா, குழாய் வாயுவா? சோதித்துச் சொல்லுங்கள்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், எங்கள் வயல்களுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதித்திருக்கும் நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிகளுக்கும்,

எங்கள் ஊர் வயல்களில் குமிழியிடும் வாயு பற்றி நாங்கள் கொடுத்த புகாரை முடித்துவைத்துவிட்டீர்கள். நெல் வயலில் இயல்பாக உண்டாகும் சேற்று வாயு அது, குழாயில் கசிவு இல்லை என்று ஒரே பத்தியில் பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை ஏற்க முடியாது. ஏனென்றால் அந்த முடிவுக்கு வருவதற்கு யாரும் ஒரு சோதனையும் செய்யவில்லை. வந்த ஊழியர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், வாசனை வருகிறதா என்று கேட்டார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வாயுவை ஒரு பாட்டிலில்கூடப் பிடிக்கவில்லை. மண்ணில் ஒரு துளை போடவில்லை. வாயு அளக்கும் மீட்டரை ஜீப்பிலிருந்து இறக்கவே இல்லை.

நான் விவசாயி. அதற்கு முன்னால் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு வளைகுடா நாடுகளில் எண்ணெய், எரிவாயுக் குழாய் வேலைகளில் பல வருடங்கள் இருந்தேன். டெல்டாவில் தெருவுக்கு ஒருத்தராவது அப்படிப் போய் வந்தவர்கள் இருப்பார்கள். மண்ணுக்குள் இறக்கும் முன் குழாயின் மேல்பூச்சில் ஹாலிடே டிடெக்டர் என்ற, பூச்சில் ஓட்டை தேடும் மின்கருவியை ஓட்டுவார்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் தீப்பொறி தெறிக்கும், உடனே அதைச் சரிசெய்த பிறகுதான் குழாய் பள்ளத்தில் இறங்கும். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

நெல் வயலில் வாயு வரும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தண்ணீர் கட்டிய சேற்றில் காற்று புகாது. அங்கே மட்கும் வைக்கோலையும் வேரையும் நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனை விடுகின்றன. களை எடுக்க இறங்கினால் காலடியில் குபுகுபுவென்று வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எந்த வயலில் இறங்கினாலும் அப்படித்தான்.

நாங்கள் புகாரில் சொன்னது வேறு. யாரும் இறங்காத வயலில், ஒரே இடத்தில், இடைவிடாமல் குமிழி மேலே வருகிறது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தாலும் வருகிறது. அந்த இடத்தையும், பக்கத்துப் பங்காளி வயலில் குமிழி வரும் இடத்தையும் சேர்த்து ஒரு கயிறு பிடித்தால், அது உங்கள் குழாய்ப் பாதையின் எல்லைக் கல்லில் போய் முட்டுகிறது. மடையைத் திறந்து தண்ணீரை வடித்தோம். அப்போதும் நிற்கவில்லை. ஈர மண்ணில் பட்டாணி அளவுக்குத் துளைகள் தெரிந்தன, ஒவ்வொன்றின் வாயிலும் சேறு துள்ளிக்கொண்டிருந்தது. தாளடிக்குப் பிறகு தெளித்த உளுந்து அந்த இடத்தில் மட்டும் வட்டமாகப் பழுத்துச் செத்தது. வேருக்குக் காற்று இல்லாவிட்டாலும் நெல் தாங்கும், உளுந்து தாங்காது. மண்ணுக்குள் இருக்கும் காற்றை மீத்தேன் தள்ளிவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது உளுந்து மாதிரியான பயிர்தான். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்தபோது அந்த வெடிப்பில் சோப்புத் தண்ணீரை ஊற்றினோம். நுரை ஊதிப் பெருத்தது. பத்தடி தள்ளி வேறொரு வெடிப்பில் ஊற்றினால் தண்ணீர் சும்மா உள்ளே இறங்கிவிட்டது.

காய்ந்து வெடித்து, காற்றுப் புகுந்த மண்ணில் சேற்று வாயு எங்கிருந்து வரும்? உங்கள் பதிலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டு வாயுக்களையும் பிரித்துச் சொல்வது கடினமான காரியமும் இல்லை. சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவில் மீத்தேன் இருக்கும், ஈத்தேன் இல்லையென்றே சொல்லலாம். பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உண்டாகிக் குழாயில் வரும் வாயுவில் மீத்தேனோடு ஈத்தேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். ஒரு மாதிரியை எடுத்து கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் விட்டால் எது எது எவ்வளவு என்று காட்டிவிடும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் மீத்தேனில் உள்ள கார்பனின் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பார்க்கலாம். சேற்று வாயுவில் அது ஒரு விதமாகவும், குழாய் வாயுவில் வேறு விதமாகவும் இருக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய வார்ப்பிரும்புக் குழாய்கள்கூட இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரில் மீத்தேன் அளக்கும் கருவியை வைத்து 785 மைல் தெருக்களைச் சுற்றி 3,356 கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாயு குழாயிலிருந்து வருகிறதா, சதுப்பு நிலத்திலிருந்தும் குப்பையிலிருந்தும் வருகிறதா என்ற கேள்வி அவர்களுக்கும் வந்தது. அதை இதே ஐசோடோப்பு சோதனையால்தான் தீர்த்துக்கொண்டார்கள். 2014இல் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, கசிவுகளை ஆபத்துக்கு ஏற்றபடி வகை பிரித்து, எங்கெங்கே கசிகிறது என்ற பட்டியலை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று ஆக்கியது. நாங்கள் கேட்பது எங்கள் ஊரில் ஒரு பாட்டில் வாயுவைப் பிடித்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான்.

வாசனை பற்றியும் சொல்ல வேண்டும். "வாசனை வரலன்னா கசிவு இல்லைங்க" என்று வந்த ஊழியர் ஊர்ப் பெண்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இது ஆபத்தான பேச்சு. மீத்தேனுக்கு வாசனை கிடையாது. வீட்டு சிலிண்டரில் வரும் அந்த நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டான் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பதால் வருவது. எரிவாயுக் கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்கும், அங்கிருந்து தொழிற்சாலைக்கும் போகும் குழாய்களில் பெரும்பாலும் அதைச் சேர்ப்பதில்லை. 1937இல் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் வாசனையில்லாத வாயு கசிந்து நிறைந்து, வெடித்து, ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் வாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. மூக்கை நம்பச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னதை உங்கள் ஊழியரே திரும்ப வந்து திருத்திச் சொல்ல வேண்டும்.

வயலில்தானே வருகிறது, திறந்தவெளியில் கலந்து போய்விடும் என்று யாராவது நினைக்கலாம். எங்கள் மண் களிமண். அடைமழையில் ஊறிவிட்டால் மேல்மண் இறுகி மூடிக்கொள்ளும். கீழே கசியும் வாயு அப்போது நேராக மேலே வராது. குழாய் பதித்தபோது தோண்டி மூடிய பள்ளத்தின் மண் எப்போதும் கொஞ்சம் பொலபொலவென்றுதான் இருக்கும், அதன் வழியே பக்கவாட்டில் நகரும். சிமென்ட் சாலைக்கு அடியில் போகும், தூம்புக் குழாய் வழியே போகும், எங்கே திறப்பு கிடைக்கிறதோ அங்கே ஏறும். எங்கள் ஊரில் அந்தப் பாதையை ஒட்டி மோட்டார் கொட்டகைகள் இருக்கின்றன. தகரக் கதவு போட்டுப் பூட்டிய சின்ன அறை, தரையில் போர்க்குழாய் இறங்கும் ஓட்டை, சுவரில் ஸ்டார்ட்டர். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். விடிகாலையில் கதவைத் திறந்து ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது உள்ளே வருவது பொறிதான். புகார் கொடுத்த நாளிலிருந்து நாங்கள் கதவுகளைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறோம். அந்த யோசனைகூட உங்களிடமிருந்து வரவில்லை.

இந்தக் குழாய் எங்கள் நிலத்துக்குள் வந்தபோது அப்பா இருந்தார். 1962ஆம் ஆண்டின் குழாய்ப் பாதைச் சட்டப்படி நிலம் எங்களுடையதாகவே இருந்தது, அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உங்களுக்கு வந்தது. அதற்கு இழப்பீடு நிலத்தின் அன்றைய சந்தை மதிப்பில் 10 சதவீதம். அந்தப் பாதையின் மேல் வீடு கட்டக் கூடாது, கிணறு, குளம் வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு தென்னங்கன்றைக்கூட அங்கே வைத்ததில்லை. சட்டம் எங்களிடம் கேட்டதைச் செய்துவிட்டோம். உங்களிடம் கேட்பதை நீங்கள் செய்கிறீர்களா?

மண்ணுக்குள் கிடக்கும் எஃகுக் குழாய்க்கு இரண்டு காவல். ஒன்று மேல்பூச்சு. இன்னொன்று, துருப் பிடிக்காமல் இருக்கக் குழாய்க்கு ஒரு சிறிய மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பது; எங்கள் வேலையில் அதை சி.பி. என்போம். அது சரியாக இருக்கிறதா என்று அளக்கப் பாதை நெடுக டெஸ்ட் போஸ்ட் நட்டிருப்பார்கள். எங்கள் வாய்க்கால் கரையில் இருக்கும் போஸ்ட் சாய்ந்து கிடக்கிறது. மூடி இல்லை, உள்ளேயிருந்த வயர் அறுந்து துருவேறிவிட்டது, அதில்தான் ஆடு கட்டுகிறார்கள். அதில் மீட்டரை வைத்து யாரும் அளந்து பல காலம் ஆகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கடலோர டெல்டாவில் நிலத்தடி நீர் உப்பேறிக்கொண்டிருக்கிறது. உப்பு மண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும், துருவும் வேகமாகத் தின்னும். முப்பது வருடத்துக்கு முன்பு பூசிய பூச்சு எங்கே உரிந்திருக்கிறது என்று மேலிருந்தே கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. எங்கள் பகுதியில் அந்தக் கருவியோடு நடந்த ஒருவரை நாங்கள் பார்த்ததில்லை.

வெளியே இருந்து தின்பது ஒரு பக்கம். உள்ளே இருந்து தின்பது இன்னொன்று. கிணற்றிலிருந்து வரும் வாயுவில் தண்ணீரும் கரியமில வாயுவும் இருக்கும். தண்ணீர் குழாயின் அடிப்பகுதியில் தேங்கி, கரியமில வாயு அதில் கரைந்து, அமிலமாகி உலோகத்தை அரிக்கும். மேலே நின்று பார்த்தால் எதுவுமே தெரியாது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆந்திராவில், அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், நகரம் என்ற சிற்றூரில், 2014 ஜூன் 27 அதிகாலையில், ஊருக்குள் போன 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வீடுகளும் தென்னந்தோப்பும் எரிந்தன. ஈரமில்லாத வாயுவுக்கென்று வடிவமைத்த குழாயில் ஈரமான வாயுவை அனுப்பியதும், அதனால் உள்ளே ஏற்பட்ட அரிப்பும்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கசிவு பற்றி முன்பே சொல்லியிருந்தோம் என்று அந்த ஊர்க்காரர்கள் அப்போதே சொன்னார்கள். அதுவும் நெல்லும் தென்னையும் உள்ள ஆற்றுப் படுகைதான்.

தஞ்சாவூர் மாவட்டத்துக் கதிராமங்கலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜூன் 30 அன்று குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியபோது, ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று கேட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். நடந்தது தடியடி, கைது. ஒரு குழாய்க் கசிவு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மாறியதற்குக் காரணம், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் பதில் சொல்ல யாரும் இல்லாததுதான். எங்கள் ஊரில் யாரும் சாலையில் உட்காரவில்லை. முறைப்படி மனு கொடுத்தோம், ரசீது வாங்கினோம், காத்திருந்தோம். மனு கொடுத்தவர்களுக்கு ஒரு பத்திப் பதில்தான் கிடைக்கும் என்றால், அடுத்த ஊர் மனு எழுத உட்காருமா?

கசிவு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நடப்பதும் எனக்குக் கவலை தருகிறது. டெல்டாவில் நான் பார்த்த வரை பள்ளம் தோண்டுவார்கள், ரப்பர் வைத்து, கிளாம்ப் என்ற இரும்புப் பட்டையைச் சுற்றிப் போட்டு போல்ட்டை முறுக்குவார்கள், மண்ணைத் தள்ளி மூடுவார்கள். அன்றோடு சரி. கிளாம்ப் அவசரத்துக்குப் போடுவது. ஓர் இடத்தில் துளை விழுந்திருக்கிறதென்றால் அதே குழாயில், அதே மண்ணில், அதே வயதில் இன்னும் பல இடங்கள் மெலிந்துபோய்க் காத்திருக்கின்றன. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, வெளியே அரித்ததா உள்ளே அரித்ததா, வெல்டிங்கில் குறையா என்று பார்த்தால்தான் மீதிக் குழாயைப் பற்றி ஏதாவது தெரியும். கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று 1956இல் பதித்த குழாய் வெடித்து 8 பேர் இறந்தபோது, குழாய்த் துண்டைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். நிறுவனத்தின் ஆவணத்தில் அது தையல், அதாவது வெல்டிங் இணைப்பு, இல்லாத குழாய் என்று இருந்தது. உண்மையில் நீளவாக்கில் வெல்டிங் செய்த குழாய், அந்த வெல்டிங்கிலும் குறை. 54 வருடம் ஆவணம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது, மண்ணுக்குள் வேறொன்று கிடந்தது. அந்த அறிக்கையை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். வெல்டராக இருந்த எனக்கு அதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. எங்கள் வயலுக்கு அடியில் உள்ள குழாயின் ஆவணம் என்ன சொல்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை போட்டது. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவற்றை அது தொடவில்லை. அப்படியானால் எங்களுக்கு மிச்சமிருக்கும் ஆபத்து பழைய குழாய்கள்தான், அவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் வயது கூடுகிறது. பழைய குழாய்களை யார், எப்போது, எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்பதை வளர்ச்சிக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாயுவில் ஓடும் மின்நிலையத்தின் மின்சாரத்தில்தான் எங்கள் மோட்டாரும் ஓடுகிறது. ஓடட்டும். குழாய் ஓட்டையில்லாமல் இருக்கட்டும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலில், புகாரை முடித்துவைத்த பதிலைத் திரும்பப் பெற்று, புகாரை மறுபடி திறக்க வேண்டும். குமிழி வரும் இடங்களிலிருந்தும், குழாய்ப் பாதைக்குத் தொலைவில் உள்ள ஒரு நெல் வயலிலிருந்தும் எங்கள் முன்னிலையில் வாயு மாதிரிகளை எடுங்கள். தூர வயலின் மாதிரி இல்லாமல் ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, ஒன்றை ஊராட்சியிடம் கொடுங்கள். நிறுவனத்தின் சொந்த ஆய்வகத்தில் பார்க்காமல், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்தில் ஈத்தேனுக்கும் புரோப்பேனுக்கும் கார்பன் ஐசோடோப்புக்கும் சோதனை செய்யுங்கள்.

அதே நாளில் குழாய்ப் பாதை நெடுக, சாலை ஓரம், வீடுகளின் ஓரம், மோட்டார் கொட்டகைகளுக்கு உள்ளே என்று கம்பியால் துளை போட்டு மீட்டர் வைத்து அளக்க வேண்டும். துளைக்குத் துளை அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தால்தான் கசிவு எந்த இடத்தில் என்று பிடிபடும். இப்போது சம்பா நட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை வலுத்து மண் மூடிக்கொள்ளும் முன் இது நடக்க வேண்டும். முடிவு வரும் வரை அந்தப் பகுதியின் வால்வை மூடுங்கள். அது முடியாது என்றால் அழுத்தத்தைக் குறையுங்கள், எவ்வளவு குறைத்தீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

கசிவு உறுதியானால் கிளாம்ப் போட்டு மூடிவிடாதீர்கள். அந்தத் துண்டை வெட்டியெடுத்து மாற்றுங்கள், எடுத்த துண்டை ஆய்வுக்கு அனுப்புங்கள், அறிக்கையை எங்களுக்குக் கொடுங்கள். அப்புறம், குழாய் பதித்த ஆண்டு, சுவரின் கனம், கடைசியாக உள்ளே சோதித்த தேதி, அழுத்தச் சோதனை செய்த தேதி, சி.பி. அளவீடுகள், இதுவரை எந்தெந்த இடத்தில் கிளாம்ப் போட்டிருக்கிறீர்கள் என்ற பட்டியல், எல்லாவற்றையும் தமிழில் எழுதி அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த பொறியாளர் ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும். சாய்ந்து கிடக்கும் டெஸ்ட் போஸ்ட்டை நட்டு, வயரை மாற்றி, எங்கள் கண் முன்னால் ஒருமுறை அளந்து காட்டுங்கள்.

ஆட்சியர் அவர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் தாங்கள்தான். அந்த அதிகாரத்தில், மாவட்டத்தில் உள்ள பழைய குழாய்ப் பாதைகள் முழுவதற்கும் கசிவுச் சோதனைக்கு உத்தரவிட்டு, பட்டியலை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். கசிவு என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்தத் திசையில் விலகுவது, மோட்டாரையும் செல்போனையும் என்ன செய்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் இதுவரை சொல்லித்தரப்படவில்லை. தீயணைப்புத் துறையை வைத்து ஒரு ஒத்திகை நடத்துங்கள். தை மாதம் அறுப்பு மெஷின் வயலில் இறங்கும் முன், குழாய்ப் பாதை எங்கே, எந்த இடத்தில் மெஷினை நிறுத்தக் கூடாது, எங்கே வைக்கோல் கொளுத்தக் கூடாது என்பதை மெஷின் ஓட்டுநர்களுக்கும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். உளுந்து செத்த இடங்களை வேளாண் அலுவலர் பார்த்து இழப்பைக் கணக்கிட வேண்டும்.

இந்த மடலுக்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மாதிரி எடுக்க வரும் தேதியை இரண்டு நாள் முன்னதாக ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அன்று மடையைத் திறக்காமல் தண்ணீர் கட்டி வைக்கிறோம், மோட்டார்களை ஓட்டாமல் நிறுத்தி வைக்கிறோம், குமிழி வரும் இடங்களில் மூங்கில் குச்சி நட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
குழாய்ப் பாதையில் நிலம் உள்ள விவசாயி